மத்தளம் இல்லாத கசெற்

சோதனைச் சாவடியில் அருளம்மாவின் மத்தளத்தைச் சிப்பாய் கத்தியால் கிழித்தபோது லூர்தம்மா மத்தளத்தைப் பார்க்கவில்லை. காத்தாயியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, மாசி மாதம். நான்கு பெண்களும் கீரிக் கிராமத்திலிருந்து மன்னார் பஜாருக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய இரண்டாவது கசெற்றுக்கு அன்று காலை ஜவாஹிரின் 'ரெக்கோடிங் பார்' கடையில் ஒலிப்பதிவு தொடங்குவதாக இருந்தது. முன்னால் நடந்தவள் லூர்தம்மா. கீரிப் பாலர் பாடசாலையின் ரீச்சர். யாரும் தெரிவு செய்யாமலே பாட்டுக்குழுவுக்குத் தலைவியாகிவிட்டவள். அவளுக்குப் பின்னால் மத்தளத்தைத் தோளில் மாட்டிய அருளம்மா. ஐம்பதைத் தாண்டியவள், கூத்துக்காரர் வீட்டில் பிறந்து, ஆண்கள் மட்டும் தொட்ட வாத்தியத்தைத் தொட்டு ஊரின் வாயை அடைத்தவள். அடுத்தவள் பூமணி. பெருநிலத்து வயற்கிராமத்தை விட்டு ஓடிவந்து தமக்கை வீட்டில் ஒதுங்கியிருந்தவள், சுருதிப்பெட்டியைச் சேலைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்திருந்தாள். கடைசியாகக் காத்தாயி. பேசாலைப் பக்கத்து அகதி முகாமிலிருந்து ஒருநாள் பாஸில் வந்தவள்.

சாவடியில் காத்தாயிதான் முதலில் வாய் திறந்தாள். அதுவும் சிங்களத்தில். தண்ணீர் ஓடுவதுபோல் தடங்கல் இல்லாத சிங்களம். சிப்பாய் நிமிர்ந்து பார்த்தான், ஏதோ கேட்டான், அவள் ஏதோ சொன்னாள், அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்கு முன்னமே அவன் மத்தளத்தை வாங்கி, இடப்பக்கத் தோலில் கத்தியை ஏற்றி இழுத்தான். பிறகு திருப்பி வலப்பக்கத் தோலையும் கிழித்தான். உள்ளே கையை விட்டுத் துழாவினான். ஒன்றுமில்லை. கட்டையைத் திருப்பிக் கொடுத்து, போகலாம் என்று தலையை ஆட்டினான்.

சாவடியைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் நடந்தார்கள். பிறகு அருளம்மா சொன்னாள்: "உள்ளுக்கு என்ன இருக்குதெண்டு நினைச்சவனோ. காத்துத்தான் இருந்தது. அதையும் வெளியால விட்டிட்டான்."

பூமணி அழுதாள். காத்தாயி அருளம்மாவின் கையைப் பிடிக்கப் போனாள். லூர்தம்மா குறுக்கே வந்து, அந்தக் கட்டையைத் தான் வாங்கிக்கொண்டாள்.

அன்று ஒலிப்பதிவு நடக்கவில்லை.

லூர்தம்மா சந்தேகக்காரியாகப் பிறந்தவள் அல்ல. தொண்ணூறாம் ஆண்டு இராணுவத்தினர் ஊரைச் சுற்றி வளைத்து, ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நடக்கவிட்டார்கள். ஜீப்புக்குள் முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவன் இருந்தான். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் அவனைக் கடந்து போனார்கள். லூர்தம்மாவின் புருஷன் கடக்கும்போது அந்தச் சாக்கு ஒருமுறை மேலும் கீழும் அசைந்தது. அவ்வளவுதான். புருஷன் திரும்பி வரவில்லை. அந்தத் தலையாட்டி ஊரானா, வேற்றூரானா, பூசையில் பக்கத்தில் முழந்தாளிடுகிறவனா, யாருக்கும் தெரியாது. அன்று முதல் லூர்தம்மா யாரோடு பேசினாலும் அவர்களின் கழுத்து அப்படி அசைகிறதா என்று ஒருதரம் பார்த்துக்கொள்வாள்.

முதலாவது கசெற் வந்தபோது இந்தச் சிக்கல் எதுவும் இருக்கவில்லை. அது மூன்று பெண்களின் கசெற். கரைவலை இழுக்கும் அம்பாப் பாட்டு, நெல் அரிவு வெட்டுப் பாட்டு, கும்மி. எல்லாம் ஓட்டமும் துள்ளலும். அருளம்மாவின் மத்தளம் முன்னே ஓட, குரல்கள் பின்னே ஓடின. கலியாண வீடுகளில் போட்டார்கள், தலைமன்னார் பஸ்ஸில் போட்டார்கள். பஜாரில் கீரிப் பெண்டுகள் என்று பெயரே விழுந்துவிட்டது.

காத்தாயியைக் கூட்டிவந்தவள் பூமணி. போன நத்தாருக்கு முகாமில் கிறிஸ்து பிறப்புப் பாட்டுகள் பாடப் போனபோது, அங்கே குழாயடியில் பானை கழுவிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி முணுமுணுத்த மெட்டுப் பூமணியைப் பிடித்துக்கொண்டது. விசாரித்தாள். இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். எழுபத்தேழுக் கலவரத்தில் பன்னிரண்டு வயதில் லொறியில் ஏற்றப்பட்டு வடக்கே வந்தவள். வெள்ளாங்குளத்தில் கூலிக்கு வயல்வேலை செய்தவள். சண்டை நெருங்க அங்கிருந்தும் ஓடியவள். குழுவில் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. ஒவ்வொரு கிழமையும் லூர்தம்மா குழுவின் பெயரால் கடிதம் எழுதிக் கொடுத்தால்தான் அவளுக்கு முகாமை விட்டு வெளியே வர பாஸ் கிடைக்கும்.

அவள் வந்த மூன்றாம் நாளே கேட்டாள்: "இந்த அம்பாப் பாட்ட ஏன் ஓடிக்கிட்டே பாடுறீங்க, டீச்சர்?"

"வலை இழுக்கிற பாட்டெல்லோ. இழுக்கிற வேகத்தில பாட வேணும்."

"இப்பதான் கடலுக்கே போக விடுறதில்லியே. யாரு இழுக்கிறா?"

 காத்தாயி அதே பாட்டை, ஒரு சொல்லையும் மாற்றாமல், மெதுவாகப் பாடிக் காட்டினாள். வலை வரவில்லை, வரப்போவதுமில்லை என்று தெரிந்தும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களின் பாட்டாக அது மாறிவிட்டது. லூர்தம்மாவுக்கு உடம்பு சிலிர்த்தது. வாசலில் யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். சொல் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. யாராவது கேட்டால் என்ன சொல்வது?

அதற்குப் பிறகு ஒவ்வொரு பாட்டாக வேகம் இறங்கியது. பூமணியின் அரிவு வெட்டுப் பாட்டில் இடையிடையே மூச்சு விடும் அமைதி வந்தது. மூன்று பேரும் ஒரே குரலாகப் பாடி வந்தவர்கள், இப்போது ஒருத்தி பாட மற்றவர்கள் அடியில் முனகினார்கள். காத்தாயி தன் தாய் கட்டிய பாட்டு ஒன்றையும் கொண்டுவந்தாள்.

"லொறியேறி வந்தோமே, லாந்தர விட்டு வந்தோமே,
ஊரு எதுன்னு கேட்டாக்கா ஒதட்ட மூடி வந்தோமே."

"இதுக்கு மேளம் வேணாங்கக்கா," என்று அவள் அருளம்மாவிடம் சொன்னாள். "மேளம் வந்தா அழுக நின்னுடும்."

அருளம்மாவின் முகம் சுருங்கியது. "மத்தளம் வேண்டாமெண்டால் எனக்கு இங்க என்ன வேலை?"

மத்தளம் கிழிபடுவதற்குச் சரியாக எட்டு நாட்களுக்கு முன் நடந்த பேச்சு இது. லூர்தம்மா அதை மறக்கவில்லை.

மறக்காததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஒலிப்பதிவுக்கு முன் பாட்டுகளை இராணுவ அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி எடுக்க வேண்டும். லூர்தம்மா ஒன்பது பாட்டுகளை மட்டும் எழுதிக்கொண்டு போனாள். லொறிப் பாட்டை வேண்டுமென்றே விட்டுவிட்டாள். கலவரம், லொறி என்ற சொற்களெல்லாம் எதற்கு? கந்தோரில் மொழிபெயர்ப்பாளர் தாள்களைப் புரட்டி எண்ணினார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "ஒன்பது இருக்கு. லொறிப் பாட்டு எங்க, மிஸ்?"

லூர்தம்மா அடுத்த கிழமை கொண்டுவந்து தருவதாகச் சொல்லி, ஒன்பதுக்கு மட்டும் முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். வீதியில் நடக்க நடக்கக் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். அந்தப் பாட்டுத் தெரிந்தவர்கள் நாலு பேர். அருளம்மா பெற்ற தாயைப்போல. பூமணிக்குத் தன் நிழலைக் கண்டாலே பயம். மிச்சம் யார்?

அதோடு காத்தாயியிடம் ஒரு கொப்பி இருந்தது. பயிற்சி நடக்கும்போது சேலை மடிப்பிலிருந்து எடுத்து எதையோ எழுதுவாள். யாராவது எட்டிப் பார்த்தால் மூடிவிடுவாள். இப்போது அந்தச் சிங்களம், அந்தச் சிரிப்பு, அந்தக் கத்தி.

"நான்தான் அவவைக் கூட்டிக்கொண்டு வந்தனான். இப்ப எனக்கே பயமாக் கிடக்கு, ரீச்சர்," என்றாள் பூமணி. "பிறந்தது அங்கால, இருந்தது இங்கால. ரெண்டு பக்கமும் ஆள் தெரியும் போல."

"நீ ஆரிட்டையும் கதையாதை," என்றாள் லூர்தம்மா.

அந்தக் கிழமை அவள் கடிதம் எழுதவில்லை. முகாமுக்குப் பூசை வைக்கப் போகும் கத்தோலிக்கச் சுவாமியார் வந்து கடிதம் கேட்டபோது, தலையிடி என்றாள். அடுத்த கிழமை கேட்டபோது, பாலர் பாடசாலையில் வேலை என்றாள். பொய் சொன்னதாக அவளுக்குத் தோன்றவில்லை. கதவைப் பூட்டுவதைப்போலத்தான் இருந்தது. யாரையும் குற்றம் சொல்லவில்லை, யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு தாளில் நாலு வரி எழுதாமல் விட்டாள், அவ்வளவே.

மூன்று பேரும் திரும்பவும் பயிற்சிக்கு உட்கார்ந்தார்கள். மத்தளத்துக்குத் தோல் போட யாழ்ப்பாணத்துக்கு ஆள் அனுப்ப வேண்டும். அதற்குப் பாதை இல்லை. அருளம்மா குடத்தைத் தட்டிப் பார்த்தாள், உட்காரும் பலகை வாங்கைத் தட்டிப் பார்த்தாள். எதுவும் சரிவரவில்லை. கடைசியில் அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பூமணி சுளகில் நெல்லைக் கொட்டி மெல்ல அசைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெல் சரிந்து போய்த் திரும்பிச் சரிந்து வந்தது, கரையில் அலை மணலை இழுப்பதுபோல.

"அதை நிப்பாட்டாதை," என்றாள் அருளம்மா. சுளகை வாங்கித் தன் கையில் எடுத்தாள். தாளம் தெரிந்த கை. கொஞ்ச நேரத்தில் அந்தச் சரசரப்புக்குள் மத்தளத்தின் எண்ணிக்கை வந்து உட்கார்ந்துவிட்டது.

பாட்டைப் பழையபடி வேகமாக எடுக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. ஓட ஓட மூச்சு வாங்கியது, தானாகவே இறங்கிக் காத்தாயியின் நடைக்கு வந்து நின்றது. ஆளை வெளியே நிறுத்திவிட்டார்கள். அவள் போட்ட வழியை விட்டுப் பாட்டு அசைய மறுத்தது. லொறிப் பாட்டை லூர்தம்மா தானே பாடிப் பார்த்தாள். ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்தது. அருளம்மா சுளகை நிறுத்திவிட்டு, "வேண்டாம், ரீச்சர்," என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் கிழமை லூர்தம்மா பஜாருக்குப் போனாள், ஒலிப்பதிவுக்கு வேறு நாள் கேட்க. ஜவாஹிர் கார் பெற்றரியில் வயர் மாட்டிக்கொண்டிருந்தார். தொண்ணூறில் மற்ற முஸ்லிம் சனங்களோடு இயக்கத்தால் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் ஆறு வருடம் இருந்து, குடும்பத்தை அங்கே விட்டுவிட்டுத் தனியே திரும்பிவந்து கடையைத் திறந்தவர்.

"மத்தளம் சரிவந்திட்டுதா, ரீச்சர்?"

"இல்லை. ஆரோ சொல்லிக் கிழிப்பிச்சதுக்கு நாங்கள் என்ன செய்யிற?"

ஜவாஹிர் வயரை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஆர் சொன்ன? அந்தக் கிழமை எல்லாச் சாவடியிலயும் கிழிச்சவங்கள். எங்கேயோ ஒரு மேளத்துக்குள்ள என்னவோ எடுத்ததாம். கோயில் தவில்காரர் ரெண்டு பேர் இந்தக் கடை வாசல்ல நிண்டு அழுதிட்டுப் போனவங்க. அரிசி மூட்டையைக்கூட விடல்ல."

லூர்தம்மா கதிரையில் உட்கார்ந்தாள். பிடி தளர விடாமல் கேட்டாள்: "அப்ப லொறிப் பாட்டு? அது எப்பிடிக் கந்தோருக்குத் தெரியும்?"

அவர் எழுந்து போய்க் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்தார்.

"நான் குடுத்தது. போன மாசம் இங்க வந்து பத்துப் பாட்டும் பாடிக் காட்டினீங்கதானே. என்ன பதியிறேன் எண்டு ஒவ்வொரு கிழமையும் எழுதிக் குடுத்தாத்தான் நான் கடை திறக்கலாம். பத்துப் பாட்டுட பேரையும் எழுதிக் குடுத்தேன்."

லூர்தம்மா கணக்கெடுத்த நாலு பேரில் இயந்திரத்துக்குப் பின்னால் குனிந்திருந்த இந்த மனிதர் இருக்கவே இல்லை.

"ஏன் எங்களுக்குச் சொல்லேல்ல?"

"எப்பிடிச் சொல்ற, ரீச்சர்? போன கசெற்ல துள்ளிக்கொண்டு பாடினீங்க. இப்ப வந்து திடீரெண்டு மெல்லப் பாடுறீங்க. ஒவ்வொரு சொல்லும் ரெண்டு மாதிரிக் கேக்குது. இயக்கப் பெடியள்தான் உங்களை அனுப்பினவங்களோ எண்டு எனக்கு ஒரு பயம். ஒருக்காத் துரத்தப்பட்டவன் நான். உங்கள எல்லாம் நான் நம்பல்ல." சொல்லிவிட்டு அவர் தரையைப் பார்த்தார்.

லூர்தம்மா அவரைக் கோபிக்க வாயெடுத்தாள். என்ன உரிமையில் கோபிப்பது என்று தெரியவில்லை. எழுந்து வந்துவிட்டாள்.

அடுத்த நாள் பேசாலை பஸ்ஸில் ஏறினாள். முகாமின் கம்பி வேலிக்கு அப்பால் தறப்பாள் கூடாரங்கள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. காத்தாயி வந்தாள். மெலிந்திருந்தாள். வேலிக்கு உட்புறம் நின்றபடியே, "வாங்க, டீச்சர்," என்றாள்.

"கடிதம் எழுத ஏலாமப் போச்சு..." என்று லூர்தம்மா தொடங்கினாள்.

"ஏலாமப் போகலீங்க. எழுதல." காத்தாயியின் குரல் உயரவில்லை. "மூணு நாளு ஆமிக்காரங்க கூப்பிட்டு வாங்குல உக்கார வச்சாங்க. 'ஒனக்கு எழுதிக் குடுக்கிறவங்களே ஏன் நிப்பாட்டிட்டாங்க? என்னா செஞ்ச?'ன்னு கேட்டாங்க. என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. இப்ப எம்பேருக்கு நேரா சிவப்புல கோடு போட்டிருக்கு. இனிமே நீங்க எழுதினாலும் பாஸ் இல்ல."

லூர்தம்மா வேலிக் கம்பியைப் பிடித்தாள். சொல்லாமல் விடலாம். சொன்னால் இன்னும் மோசம். ஆனாலும் சொன்னாள்: "மத்தளத்தை நீ சொல்லித்தான் கிழிச்சதெண்டு நினைச்சன். அவனோட நிண்டு சிரிச்சனீ."

காத்தாயி வேலியருகே நெருங்கி வந்தாள்.

"அவன் இரக்குவானைக்காரன். எங்க தோட்டத்துக்கு அடுத்த ஊரு. ஊருப் பேச்சு பேசினா மேளத்த விட்டுருவான்னு நெனச்சேன். 'அந்தக்கா பாவம், வெறும் மேளந்தான், தட்டிப் பாரு'ன்னேன். சிரிச்சேங்க. சிரிச்சது உண்மைதான். துப்பாக்கி வச்சிருக்கிறவன் சிரிச்சா நாமளும் சிரிக்கணும், டீச்சர். எங்கம்மா அப்பிடிச் சிரிச்சுத்தான் எங்கள உசிரோட லொறி ஏத்தினா."

மடிப்பிலிருந்து கொப்பியை எடுத்து அவளே வேலியின் இடைவெளியால் நீட்டினாள். லூர்தம்மா கேட்கவில்லை. வாங்கிப் புரட்டினாள். கடற்சொற்கள். ஏலோ, வாடி, சம்மாட்டி, சோளகம், வாடை. ஒவ்வொன்றுக்கும் எதிரே, எழுத்துக் கூட்டி எழுதிய பொருள். சிலவற்றுக்குப் பொருள் தெரியாமல் வெற்றிடம்.

"பாடுறது என்னன்னு தெரியாமப் பாடக்கூடாதில்ல. தப்புத் தப்பா எழுதியிருப்பேன்னு மறைச்சேன்."

"என்னை மன்னிச்சுக்கொள், காத்தாயி."

"அதுக்கு நாளாகுங்க," என்றாள் அவள். பிறகு, லூர்தம்மா திரும்பப் போகும் நேரத்தில், "லொறிப் பாட்ட யாரு பாடுறா?" என்று கேட்டாள்.

"ஆராலயும் ஏலாது."

"அத மட்டும் நான் பாடித் தாறேன். எங்கம்மா பாட்டு அது. கசெட்டுல பதிஞ்சு நின்னா சரி. ஆனா எம்பேரப் போடணும். முழுப்பேரு, அழகையா மக காத்தாயின்னு. ஒளிச்சு வைக்க நான் ஒண்ணும் செய்யல."

லூர்தம்மா லொறிப் பாட்டைத் தன் கையால் எழுதிக் கந்தோரில் கொடுத்தாள். மொழிபெயர்ப்பாளர் இரண்டு தரம் வாசித்துவிட்டு முத்திரை குத்தினார். அடுத்த ஞாயிறு, முகாமில் பூசை வைக்கப் போன சுவாமியாரோடு அவளும் போனாள். சுவாமியார் தேவகீதங்கள் பதியும் பெற்றரி ரெக்கோடருக்கு ஜவாஹிர் தன் நல்ல மைக்கைக் கழற்றிக் கொடுத்திருந்தார். பூசை முடிந்த கொட்டிலில், பாய்கூடச் சுருட்டப்படாமல் கிடக்க, காத்தாயி பாடினாள். மேளம் இல்லை, சுருதி இல்லை. கூடாரம் அடித்துக்கொண்டது, எங்கோ ஒரு குழந்தை இருமியது, குழாயடியில் வாளி உருண்டது. ஒரே தரம்தான் பாடினாள். முடிந்ததும் எழுந்து, தண்ணீருக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்று சொல்லிப் போய்விட்டாள்.

ஜவாஹிர் அந்த இரைச்சலை வெட்டிவிடலாம் என்றார். "கிடக்கட்டும்," என்றாள் அருளம்மா. அவர் மற்ற ஒன்பது பாட்டுகளையும் இரண்டு நாட்களில் பதிந்தார். சுளகும் சுருதிப்பெட்டியும் மூன்று குரலும் மட்டும். பதியும்போது ஒருவரை ஒருவர் பார்க்காமலே வேலை நடந்தது. இடையில் அவர் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தபோது லூர்தம்மா வாங்கிக் குடித்தாள். அவ்வளவு இணக்கம் போதும் என்றிருந்தது இருவருக்கும்.

கசெற் சித்திரையில் வந்தது. உறையில் நாலு பெயர்கள். முதலில் வாங்கியவர்களில் சிலர் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தார்கள். மேளத்தைக் காணவில்லை, பழுதான கசெற் என்றார்கள். கலியாண வீடுகள் அதைத் தொடவில்லை. தலைமன்னார் பஸ்காரர் ஒருநாள் போட்டுவிட்டு நிறுத்திவிட்டார். சனங்கள் கதைப்பதை நிறுத்திவிடுகிறார்களாம், பஸ் செத்த வீடுபோல இருக்கிறதாம். ஆனால் முகாம்களில் அது கைமாறிக் கைமாறிப் போனது. ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரதி எடுத்து எடுத்து, குரல் தேய்ந்து, கடைசியில் சுளகின் இரைச்சல் மட்டும் கேட்கும் நாடாக்கள்கூட இருந்தனவாம். அரிப்புக் கிராமத்தில் ஒரு வீட்டில் லொறிப் பாட்டைக் கேட்ட பெண், "இது எங்கட பாட்டு" என்று அடம்பிடித்ததாக யாரோ வந்து சொன்னார்கள். அவளோ லொறியையே ஏறிப் பார்த்திராத மீன்காரி.

வைகாசி முடிவதற்குள் காத்தாயி குடும்பத்தோடு வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போய்விட்டாள். கசெற்றின் ஒரு பிரதியைச் சுவாமியார் மூலம் லூர்தம்மா அனுப்பியிருந்தாள். கிடைத்தது என்றுதான் சொன்னார். அதைப் பற்றிக் காத்தாயி ஏதாவது சொன்னாளா என்று கேட்டதற்கு, உறையில் தன் பெயரைத் தொட்டுப் பார்த்தாள், வேறொன்றும் சொல்லவில்லை என்றார். அக்கரையில், மண்டபம் ஊரில் அவர்கள் கரையேறினார்களா என்ற செய்தி கிடைக்கவில்லை.

ஆவணியில் அரிப்பிலிருந்து புதிதாக ஒருத்தி குழுவில் சேர வந்தாள். லூசியா என்று பெயர், நல்ல கனத்த குரல். பாலர் பாடசாலை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். பூமணி லூர்தம்மாவை ஒரு பக்கமாக இழுத்தாள்.

"இவ ஆரெண்டு விசாரிச்சனீங்களோ, ரீச்சர்? எங்கட பாட்டைத் தேடி ஏன் இவ்வளவு தூரம் வாறா?"

"பாட வாறா," என்றாள் லூர்தம்மா.

உள்ளே போய்ப் புதியவளுக்குத் தன் கையால் பாயை விரித்தாள். "இருங்கோ, பிள்ளை," என்றாள். வரவேற்ற குரலில் குறை ஒன்றும் இருக்கவில்லை. அருளம்மா சுளகை எடுத்தாள், பூமணி சுருதிப்பெட்டியைத் திறந்தாள். பாடத் தொடங்கிய பிறகுதான் லூர்தம்மாவுக்குத் தெரிந்தது: அந்தப் பாயை, புதியவளின் முகம் தனக்கு நன்றாகத் தெரியும் இடமாகப் பார்த்தே தான் விரித்திருக்கிறாள்.